கிழவன் கைகாட்டிய கழுதை

மேல்நாட்டுக்காரர்கள் தங்கம் தேடிப் போகும் படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தொப்பி, துப்பாக்கி, பாதி எரிந்த வரைபடம், சொட்டுத் தண்ணீர் இல்லாத பாலைவனம். அந்த ஆட்களெல்லாம் நம் மொழியில் பேசியது எங்கள் டப்பிங் கூடத்தின் புண்ணியம். கதாநாயகனுக்கு ஒருவர், வில்லனுக்கு ஒருவர், கிழவர்களுக்கு ஒருவர், பெண்களுக்கெல்லாம் சேர்த்து ஓர் அம்மாள். குதிரை, கழுதை, ஓநாய், கழுகு ஆகியவை என் பொறுப்பு.

பீற்றிக்கொள்வதாக நினைக்க வேண்டாம், நடந்ததைச் சொல்கிறேன். ஒரு படத்தில் நொண்டிக் குதிரைக்கு நான் கனைத்திருந்தேன். அதைக் கேட்ட கால்நடை மருத்துவர் ஒருவர் இடைவேளையில் ஆபரேட்டர் அறைக்கே ஏறிப் போய், குதிரைக்குக் காலில் ஒன்றுமில்லை, பல்லைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தாராம். அவர் சொன்னது சரி. அதைப் பேசிய அன்று எனக்குக் கடைவாய்ப் பல்லில் வலி.

தொழிலில் குறை இல்லை. குறையெல்லாம் மாமனார் வீட்டில்தான். அவர் மருந்துக்கடை வைத்திருந்தார். வருகிறவர்கள் இருமல் மருந்தை வாங்கிக்கொண்டு சும்மா போவார்களா? மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று கேட்பார்கள். சினிமாவில் இருக்கிறார் என்பார். அங்கே என்ன செய்கிறார் என்று அடுத்த கேள்வி வரும். உடனே அவருக்கு உள்ளறையில் ஏதோ மாத்திரை தேடும் வேலை வந்துவிடும். மச்சானுக்கு அந்தச் சங்கோசமெல்லாம் கிடையாது. சாப்பாட்டு நேரத்தில் எல்லார் முன்னிலையிலும், "மச்சான், தட்டுல போடச் சொல்லவா, இல்ல அவுத்து விட்டா நீங்களே மேஞ்சுக்குவீங்களா?" என்று கேட்பான்.

மனைவி அதற்குச் சிரிக்கமாட்டாள். ஒருநாள் என் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள்: "ஒரே ஒரு வார்த்தையாவது மனுஷனா பேசிடுங்க. 'அது என் மாப்பிள்ளை குரல்'னு அப்பா நாலு பேர்கிட்ட சொல்லணும். எனக்கு வேற எதுவும் வேண்டாம்."

அந்த வாய்ப்பு வேறொருவரின் தொண்டைப்புண்ணாக வந்து சேர்ந்தது. கிழவர்களுக்குப் பேசுகிறவர் வெந்நீரும் கையுமாகப் படுத்துவிட்டார். வந்திருந்த படத்திலோ ஒரு கிழவன் வாழ்நாளெல்லாம் மலையைக் குடைந்து, தங்கத்தைக் கண்டுபிடித்த கையோடு சாகிறான். சாகும்போது கையை நீட்டி ஒரே ஒரு வார்த்தை சொல்கிறான்: தங்கம். அதைக் கேட்ட இரண்டு பேர் அப்புறம் படம் முடிகிறவரை தோண்டுகிறார்கள். கிழவனின் கழுதை எப்படியும் எனக்குத்தான். கிழவனையும் நீரே பேசிவிடும் என்றார்கள். கழுதைக்குத்தான் வசனம் அதிகம்.

எங்கள் டப்பிங் டைரக்டருக்கு 'லிப்பு' என்று பெயர் வைத்திருந்தோம். திரையில் உதடு ஒட்டினால் நம் சொல்லிலும் ஒட்ட வேண்டும், பிரிந்தால் பிரிய வேண்டும். அதற்காக அவர் பெற்ற தாயையும் மாற்றுவார். மாற்றியும் இருக்கிறார். ஒரு படத்தில் "அம்மாவைக் கொன்னுட்டாங்க" என்ற வசனத்துக்குத் திரையில் உதடு ஒட்டவில்லை என்று "அத்தையைக் கொன்னுட்டாங்க" என்று ஆக்கினார். கதாநாயகன் படம் முழுக்க அத்தைக்காகப் பழி வாங்கினான். ஜனங்கள் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டார்கள்.

நான் மைக் முன்னால் நின்று, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, தங்கம் என்றேன். எனக்கே கண் கலங்கியது. லிப்பு கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து வந்தார்.

"நீங்க வாயை மூடிட்டு சாகிறீங்க. அவன் திறந்த வாயோட சாகிறான். ஒரு ஈ வேற உள்ள போகுது பாருங்க."

"தங்கம்னா வாய் மூடத்தானே சார் செய்யும்?"

"அப்ப தங்கம் வேண்டாம்."

தங்கம் தேடும் படத்தில் தங்கம் வேண்டாம் என்று முடிவாயிற்று. வசனகர்த்தாவை வரவழைத்தார்கள். பொன் என்றார், உதடு ஒட்டியது. புதையல், அதுவும் ஒட்டியது. காசு என்று சொல்லிப் பார்த்தேன். சாகிறவன் சில்லறை கேட்கிற மாதிரி இருக்கிறது என்று லிப்பு தலையிலடித்துக்கொண்டார். கடைசியில் வசனகர்த்தா, அவன்தான் கையை நீட்டுகிறானே, "அங்கே" என்று சொல்லட்டும் என்றார். உதடு ஒட்டாத சொல். முடியும்போது வாய் திறந்தே இருக்கும், ஈக்கும் தாராளமாக இடம் உண்டு. நான் "அங்கே" என்று இழுத்து உயிரை விட்டேன். லிப்பு எழுந்து நின்று கை குலுக்கினார்.

எங்கள் கூடத்தில் எல்லாருக்கும் கண் வாயின் மேல்தான். கிழவனின் கையை யாரும் பார்க்கவில்லை. அந்தக் கைக்கு நேரே, மலைக்கு முன்னால், இரண்டு பக்கமும் மூட்டை தொங்க அவனுடைய கழுதை நின்றுகொண்டிருந்தது.

முதல் நாளே குடும்பத்தோடு போனோம். மாமனார் சலவைச் சட்டை போட்டிருந்தார். கிழவன் சாகும் கட்டம் வந்தது. மனைவி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "அங்கே" என்றது என் குரல். கொட்டகை மொத்தமும் கழுதையைப் பார்த்தது.

அந்த இருவரும் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போனார்கள். முன்வரிசையில் ஒருவர் சலிப்போடு, "மூட்டையப் பாருங்கடா," என்றார். அதோடு படத்தின் கதி மாறிவிட்டது. அவர்கள் தோண்டத் தோண்ட ஜனங்கள் உச்சுக்கொட்டினார்கள். கழுதை கத்தும்போதெல்லாம், பாவம், அதுவும் சொல்லிப் பார்க்கிறது என்று கைதட்டினார்கள். கழுதைக்குத் தண்ணீர் காட்டாத கதாநாயகனைத் திட்டினார்கள். ஆற்றைக் கடக்கும்போது பாரம் தாங்காமல் அவன் மூட்டைகளை அறுத்து வெள்ளத்தில் விட்டான். உண்மையில் அது உப்பு. கொட்டகையில் எழுந்த பெருமூச்சில் திரை உள்பக்கமாகக் குழிந்து மறுபடி நேரானது. கடைசியில் மலைக்குள் சுவர் சுவராகத் தங்கம் மின்னியபோது ஒருவரும் நம்பவில்லை. பித்தளை என்றார்கள். மச்சான் நாற்காலி மேல் ஏறி நின்று கழுதைக்கு விசிலடித்தான்.

வெளியே வந்ததும் மாமனாரிடம் படம் எப்படி என்று நானே கேட்டேன்.

"படம் பரவாயில்ல. அந்தக் கிழவன்தான் மோசம். சாகிற நேரத்துல 'கழுதை மேல இருக்கு'ன்னு விவரமா சொல்றதுக்கு என்ன? ரெண்டு பேர் பொழப்பு வீணாப் போச்சு. யாரு அதைப் பேசினது?"

மனைவி வாயெடுத்தாள். அவள் கையை அழுத்தினேன்.

"யாரோ புதுசு, மாமா."

"இனிமே கூப்பிடாதீங்க."

அப்போது அவருடைய கடைக்கு வழக்கமாக வரும் ஒருவர் எதிர்ப்பட்டார். அவரும் அதே படத்தைப் பார்த்துவிட்டு, முகம் வாடி நின்றிருந்தார். மாமனார் என் தோளில் கையைப் போட்டு அவர் முன் கொண்டுபோய் நிறுத்தினார். நடைபாதையில் போன நாலைந்து பேருக்கும் கேட்கும்படி, "அந்தக் கழுதை இருக்கே, அது என் மாப்பிள்ளை குரல்," என்றார்.

என் மனைவி நடைபாதை என்றும் பாராமல் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வந்தவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, ஆற்றோடு போன அந்த மூட்டைகள் எந்தக் கரையில் ஒதுங்கின என்று மிக மரியாதையாகக் கேட்டார்.

அதை வெளியே சொல்லக்கூடாது என்று எங்களுக்கு உத்தரவு என்றேன்.

"ஆமா, அதெல்லாம் கேக்காதீங்க," என்றார் மாமனார்.