கௌ டீச்சரின் தையல்

"எங்கம்மாவை மறுபடி தச்சுக் குடுத்துடுவீங்களாக்கா?"

ஹுவாலியன் நகரில் ஒரு வீட்டுச் சமையலறையில், தேநீர்க் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்த பெய்யுனிடம் ஆறு வயது சின்யா இப்படிக் கேட்டாள். கூடத்தில் மற்ற மருத்துவ மாணவர்கள் சின்யாவின் அப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தார்கள். பாட்டு டீச்சராக இருந்த சின்யாவின் அம்மா கௌ, இறக்கும் முன் தன் உடலைக் கல்லூரிக்குக் கொடுத்திருந்தார். உடலில் கத்தி வைக்கும் முன் குடும்பத்தைப் போய்ப் பார்ப்பது அவர்கள் வழக்கம்.

"நானே தச்சுத் தரேன்மா," என்றாள் பெய்யுன். அதை அவள் வேறு யாரிடமும் சொல்லவில்லை.

ஆய்வுக்கூடத்தில் கௌ டீச்சரின் உடல் இருந்த மேசைக்குப் பெய்யுனோடு சக மாணவி ருவோலானும் வந்து சேர்ந்தாள். பேராசிரியர் தூ கேட்கும் முன்பே பதில் சொல்லிவிடுகிறவள்.

"மூடிக் காக்கறது எபிதீலியத் திசு. இழுக்கறது தசைத் திசு. சேதி கொண்டு போறது நரம்புத் திசு..."

"நாலாவது?"

"இணைப்புத் திசு சார். மத்த மூணையும் அதது இடத்துல தாங்கிப் பிடிக்கறது. பேர் எடுக்காம வேலை செய்யும்."

பேராசிரியர் சிரித்தார். பெய்யுனுக்கும் அந்தப் பதில் தெரியும். தன் நாக்கு ஏன் இப்படிச் சோம்பேறியாக இருக்கிறது என்று அதைக் கடித்துக்கொண்டாள். அன்று முதல் ருவோலானின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் இடுக்கியைப் பிடிக்கும் விதம், ஊசியைச் சாய்க்கும் கோணம், நூலை இழுத்ததும் ஒரு கணம் நிறுத்துவது, எல்லாவற்றையும் வயிற்றெரிச்சலோடு பார்த்தாள்.

ஒருநாள் ருவோலானை முந்த வேண்டும் என்ற அவசரத்தில் பெய்யுன், டீச்சரின் கை நரம்பைச் சுற்றியிருந்த இணைப்புத் திசுவை வழித்து, கழற்றிய கையுறையோடு சேர்த்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டாள். டீச்சரின் பெயர் எழுதிய கிண்ணம் மேசைக்கு அடியிலேயே இருந்தது. அவர் உடலின் ஒரு இழைகூட வேறெங்கும் போகக்கூடாது. எல்லாம் அவரோடே தகனத்துக்குப் போக வேண்டும்.

அவளுக்கு அது உறைத்துத் திரும்பியபோது, ருவோலான் தொட்டிக்குள் கைவிட்டு, நூல் நூலாகப் பொறுக்கிக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"குப்பையில என்னம்மா தேடறே?" என்றார் பேராசிரியர்.

"தோடு விழுந்துடுச்சு சார்."

"தோடா? இங்கயா? கல்யாண வீடுன்னு நினைச்சியா? நாளையிலேர்ந்து தோடோட வந்தா வெளியிலதான் நிக்கணும்!"

ருவோலான் தலைகுனிந்து கேட்டுக்கொண்டாள். அவள் காதில் துளையே இல்லை. அது பெய்யுனுக்குத் தெரியும்.

நன்றி சொல்ல வாய் வரவில்லை. கடன்பட்ட பிறகு பொறாமை இன்னும் கசந்தது.

கல்லூரிப் பருவம் முடிந்தது; டீச்சரின் உடலை மூடித் தைக்கும் நாள் வந்தது. கழுத்திலிருந்து வயிறு வரை போகும் நீண்ட தையலைப் பேராசிரியர் ருவோலானிடமே கொடுத்தார்.

"அடியே பெய்யுன், ஏன்டி மூஞ்சிய இப்படி வச்சிருக்கே? புளிச்ச சோயாப்பால் குடிச்சியா?" என்று பக்கத்து மேசைக்காரி சீண்டினாள்.

"ஒண்ணுமில்ல, போடி."

அன்றிரவு சின்யாவின் முகம் அவளைத் தூங்கவிடவில்லை.

டீச்சரைப் பெட்டியில் வைக்கும் நாள். விடிந்ததும் பெய்யுன் தனியாக வந்தாள். பிரார்த்திக்க வந்ததாகத் தனக்கே சொல்லிக்கொண்டாள். உண்மையில் ருவோலானின் தையலில் குறை தேடித்தான் வந்தாள். வெள்ளைத் துணியை விலக்கினாள். குறை இருந்தது. கடைசி முடிச்சு நழுவி, வயிற்றருகே தையல் வாய் திறந்திருந்தது.

மனம் துள்ளியது. சற்று நேரத்தில் பேராசிரியர் பார்ப்பார், ருவோலான் திட்டு வாங்குவாள், ஊசி தன் கைக்கு வரும். துணியை மூடிவிட்டு நடந்தால் போதும்.

அவளால் நடக்க முடியவில்லை. குப்பைத் தொட்டிக்குள் போன அந்தக் கை கண்முன் நின்றது.

கௌ டீச்சரைக் கைகூப்பி வணங்கிவிட்டு ஊசியில் நூல் கோத்தாள். தன் வழியில் தைக்கவில்லை. ருவோலானின் சாய்ந்த சின்னத் தையலாகவே தைத்தாள். பருவம் முழுக்கப் பார்த்துப் பார்த்து வெந்த கண்களுக்கு அது மனப்பாடமாகியிருந்தது. எது அவள் தையல், எது தன்னுடையது என்று தனக்கே தெரியாதபடி முடிச்சிட்டாள்.

"தச்சுட்டேன் டீச்சர், சின்யாகிட்ட சொன்ன மாதிரி," என்று மெல்லச் சொன்னாள்.

துணியை இழுத்து மூடி, ஊசியைக் கழுவி அதன் இடத்தில் வைத்தாள். பின்வாசல் வழியாக இறங்கி, கல்லூரி வாயிலில் சோயாப்பாலுக்கு நின்றிருந்த வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டாள்.