ஒன்பதுக்கு ஒன்பது

ஷர்மினிக்குச் சந்தேகம் வந்தது வியாழக்கிழமை மதியம் பன்னிரண்டரை மணிக்கு, அவள் வேலை பார்க்கும் கிலாங்கின், அதாவது தொழிற்சாலையின், லாக்கர் அறையில். சாப்பாட்டு நேரத்துக்குக் கைப்பேசியை வெளியே எடுத்தாள். புருஷன் ரூபேந்திரனிடமிருந்து ஒரு வரி வந்திருந்தது. "இன்னிக்கும் ஒன்பது. எல்லாம் ஓகே. நல்லா சாப்பிடு."

ஒன்பதா? மறுபடியுமா?

திங்கட்கிழமை டாக்டர் அவள் சினைப்பையிலிருந்து எடுத்த முட்டைகள் ஒன்பது. அது சத்தியமான கணக்கு. மயக்கம் தெளியும்போதே நர்ஸ் அவள் புறங்கையில் பேனாவால் எழுதி வைத்திருந்தாள். எத்தனை கருவாயின என்று செவ்வாய்க்கிழமை தெரியவேண்டும். ரூபன் அனுப்பியது ஒன்பது. மூன்றாம் நாள்தான் கருக்கள் பொலபொலவென்று குறையும் நாள். அந்த நாளான இன்றைக்கும் ஒன்பது! ஒன்றுகூட நின்றுபோகவில்லையாம். எந்த ஊரில் நடக்கும் இது?

அவள் ஒன்றும் இதற்குப் புதியவள் இல்லை. இது மூன்றாவது தடவை. முதல் தடவை ஏழு முட்டை நான்கு கருவாகி, இரண்டாகி, கருப்பையில் வைத்தும் ஒட்டவில்லை. இரண்டாம் தடவை ஆறு மூன்றாகி, ஐந்தாம் நாள் பூஜ்யமானது. இந்தத் தடவையும் பதினொரு நாள் தொப்புளைச் சுற்றித் தானே ஊசி குத்திக்கொண்டு, வயிறெல்லாம் நீலம் பாரித்து, இரண்டு நாளைக்கு ஒருமுறை ஸ்கேனுக்கு ஓடி, கடைசி ஊசியை டாக்டர் சொன்ன நிமிஷத்தில் போட்டு வந்து நிற்கிறாள். வயது முப்பத்தாறு. இதோடு போதும் என்று இருவரும் பேசி முடித்தாகிவிட்டது. இதில் பிள்ளை இல்லை என்றால் பிள்ளையே இல்லை.

தவிர, அவள் பிழைப்பே எண்தான். பாசிர் கூடாங் பக்கம் சிப் செய்யும் கிலாங்கில் பதினொரு வருஷமாகத் தரச்சோதனை. நூற்றுக்கு நூறு பாஸ் என்று ஒரு தாள் வந்தால் அதைத்தான் முதலில் தனியே எடுத்து வைப்பாள். போன வருஷம் சந்திரமதி என்கிற புதுப்பெண் மூன்று நாள் தாளை ஒரே மூச்சில் டிக் போட்டு நிரப்பியதைக் கண்டுபிடித்தது இவள்தான். சோதித்துப் பார்த்தவன் தாளில் ஒரு ரிஜெக்டாவது இருக்கும். சோதிக்காதவன் தாள்தான் துடைத்த மாதிரி இருக்கும்.

இன்னொன்றும் உறுத்தியது. போன இரண்டு தடவையும் கிளினிக்கிலிருந்து இருவர் கைப்பேசிக்கும் செய்தி வரும். இந்தத் தடவை அவளுக்கு ஒன்றுமே வரவில்லை. திங்கட்கிழமை அரைமயக்கத்தில் பார்த்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. விந்து கொடுக்கப் போன ரூபன் முக்கால் மணி நேரம் கழித்துப் பேயறைந்த முகத்தோடு வந்தான். வந்தவன் கட்டிலுக்கு வராமல் நர்ஸ் நஜ்வாவைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ தாளில் கையெழுத்துப் போட்டான். என்ன தாள் அது? அவனிடம் ஏதும் குறையா? வேறு யாருடையதையோ வாங்கிச் சேர்க்கச் சொல்லிவிட்டானா? சீச்சீ என்று தலையை உதறினாள். உதறினால் போகிற சந்தேகமா அது? அன்று சோறு இறங்கவில்லை.

சாயங்காலம் பெர்மாஸ் ஜெயாவில் இருக்கும் தங்கள் வீட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே ரூபனிடம் நூல் விட்டுப் பார்த்தாள்.

"கருவுக்கெல்லாம் கிரேடு என்னா சொன்னாங்க?"

"எல்லாம் ஏ."

"ஒன்பதுமா?"

"ஆமா லா." தலை நிமிரவில்லை. தயிர் சோற்றில் மீன் குழம்பை ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தான். அதைக்கூடக் கவனிக்கவில்லை, மகராசன்.

மறுநாள் வயிற்றுவலி என்று சொல்லி அரைநாள் லீவு போட்டுவிட்டு நேராகக் கிளினிக்குக்குப் போனாள். நஜ்வா அவளைப் பார்த்ததும் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அக்கா, அண்ணன் வரலையா?"

"நான்தானே பேஷண்ட்? எத்தனை இருக்கு, சொல்லு."

"அது வந்துக்கா... ரிசல்ட் எல்லாம் தனக்கு மட்டும் அனுப்பணும், உங்களுக்கு வேணாம்னு அண்ணன் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்காரு."

"அவ்வளவுதானா? வேற எதுக்கும் போடலையே?"

"வேற எதுக்குக்கா?"

ஷர்மினிக்கு மூச்சு வந்தது. அடையாள அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள். "இது என் உடம்பு. இப்பச் சொல்லு."

நஜ்வா திரையைப் பார்த்தபடி மெதுவாகப் படித்தாள். ஒன்பது முட்டையில் முற்றியது ஐந்து. கருவானது மூன்று. மூன்றாம் நாள் மிஞ்சியது ஒன்று.

ஒன்று. ஷர்மினி நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தாள். பிடித்துவிட்டோம் என்ற நிமிர்வு படி இறங்குவதற்குள் போய்விட்டது.

ரூபன் சிங்கப்பூரில் ஏர்கான் பொருத்துகிறவன். விடியுமுன் மோட்டார் சைக்கிளில் கடல்மேல் இருக்கும் எல்லைப் பாலத்தைக் கடந்தால் வீடு திரும்பச் சாயங்காலம் ஏழாகும். அன்று அவன் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் வண்டி நிறுத்தும் இடத்திலேயே மறித்தாள்.

"எத்தனைங்க?"

"என்னா எத்தனை?"

"கிளினிக் போயிட்டு வந்துட்டேன்."

அவன் அப்படியே வண்டியில் சாய்ந்தான். "அலமாக், மாட்டிக்கிட்டேனே" என்றான்.

"பதினொரு வருஷமா பொய்க்கணக்கு பிடிக்கிறதுதாங்க என் வேலை. என்கிட்டயேவா?"

"போன தடவ பூஜ்யம்னு கிளினிக் அனுப்புச்சு. நீ லாக்கர் ரூம் தரையில உக்காந்துட்ட. உன் சூப்பர்வைசர் எனக்குப் போன் பண்ணுச்சு, எந்திரிக்க மாட்டேங்குறாங்கன்னு. நான் உடனே கெளம்பினேன் ஷர்மி. பாலத்துல ஜாம், மழை வேற. ரெண்டு மணி நேரம் கடலுக்கு நடுவுல நின்னேன். நீ தரையில கெடக்குற, நான் அங்க நிக்கிறேன். செத்துடலாம் போல இருந்துச்சு. இந்தத் தடவ நான் பக்கத்துல இல்லாதப்ப உனக்கு எதுவும் தெரியவேணாம்னு..."

"நாளைக்குக் கருவ உள்ள வைக்கறப்ப டாக்டர் ஸ்கிரீன்ல ஒண்ணு காட்டுவாரே! மீதி எட்டு எங்கன்னு கேட்டா என்னா சொல்லியிருப்பீங்க?"

"அத யோசிக்கல."

"யோசிக்கல! நம்பாத மாதிரி இருந்துட்டு உள்ளுக்குள்ள நம்பிட்டேங்க. இல்லாத எட்டுக்கும் சேத்து சந்தோஷப்பட்டேன். இப்ப அந்த எட்டுக்கும் சேத்து அழணும்." அழுதாள். அவன் தோளைத் தொட வந்த கையைத் தட்டிவிட்டாள். அன்றிரவு அவனோடு பேசவில்லை.

சனிக்கிழமை அந்த ஒன்று உயிரோடு இருந்தது. சிறுநீர்ப்பை முட்ட முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு ஷர்மினி படுத்திருக்க, மெல்லிய குழாய் வழியே டாக்டர் அதைக் கருப்பைக்குள் விட்டார். மயக்க மருந்து இல்லை, வலியும் பெரிதாக இல்லை. திரையில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது, அவ்வளவுதான். ரூபன் நீட்டிய கையை அப்போது மட்டும் பிடித்துக்கொண்டாள். வெளியே வந்ததும் நஜ்வாவிடம் இன்னொரு தாள் வாங்கி, இனி எல்லாச் செய்தியும் தன் எண்ணுக்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

சேர்த்து வைத்திருந்த லீவை எல்லாம் போட்டுப் பத்து நாள் வீட்டில் இருந்தாள். மார்பு வலித்தால் கரு ஒட்டியதாலோ என்பாள், உடனே மருந்தின் வேலையாக இருக்கும் என்பாள். உடம்பின் எந்தப் பேச்சையும் நம்பமுடியவில்லை. பத்தாம் நாள் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தாள். பகல் இரண்டு மணிக்குச் செய்தி வந்தது. ரத்தத்தில் கர்ப்ப ஹார்மோன் முப்பத்தெட்டு. கரு ஒட்டியிருக்கிறது, ஆனால் எண் குறைவு, வியாழக்கிழமைக்குள் இரட்டிப்பாக வேண்டும்.

ரூபனுக்கு எழுத உட்கார்ந்தாள். சாயங்காலம் வேலை முடிந்து பாலத்தில் ஏறுவான். குறைவு என்று தெரிந்தால் மனுஷன் எப்படி வண்டி ஓட்டுவான்? விரல் 38 என்று தட்டியது. அதற்கு முன்னால் ஒரு ஒன்றையும் தட்டியது. 138.

அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அடப்பாவி, இப்படித்தான் ஒன்பது என்று எழுதினாயா? அவன்மேல் இருந்த கோபம் அந்த நாற்காலியிலேயே கரைந்தது. ஒன்றை அழித்தாள். "38. கம்மிதான், ஆனா இருக்கு. வியாழக்கிழமை ரெட்டிப்பு ஆகணும். வண்டிய மெதுவா ஓட்டுங்க."

ஒரு நிமிஷத்தில் பதில் வந்தது. "உண்மையாவா? என்னைத் தேத்தறதுக்குச் சொல்றியா? கிளினிக் அனுப்பினத அப்படியே அனுப்பு."

இவனுக்கு வாயைப் பார்! சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அனுப்பி வைத்தாள்.

வியாழக்கிழமை அவனும் லீவு போட்டுவிட்டுக் கூட வந்தான். ரத்தம் கொடுத்து மூன்று மணி நேரம் அங்கேயே காத்திருந்தார்கள். நஜ்வா தாளைக் கொண்டுவந்து ஷர்மினியிடம் கொடுத்தாள்.

"எண்பத்தொண்ணு" என்று படித்தாள் ஷர்மினி.

"எங்க, காட்டு." பிடுங்கிக்கொண்டான். பெயரைப் பார்த்தான், அடையாள அட்டை எண்ணைப் பார்த்தான், தேதியைப் பார்த்தான். எண்ணை விரல் வைத்துப் படித்தான். நஜ்வாவின் முகத்தைப் பார்த்தான். "இது சரிதானே? இந்தம்மா சொல்லி ஏத்தி எழுதலையே?"

"போங்கண்ணே, நாங்க அப்படியெல்லாம் பண்ணமாட்டோம்!"

"பொய் எழுதுற ஆளு நீங்க, நான் இல்ல" என்றாள் ஷர்மினி.

ரூபன் தாளை மார்போடு வைத்தபடி சுவரில் சரிந்து, வராந்தாத் தரையில் உட்கார்ந்துவிட்டான். நஜ்வா பதறி நாற்காலியை இழுத்தாள். எழுந்திருக்க மாட்டேன் என்று தலையாட்டினான். அழுகை நிற்கவில்லை.

ஷர்மினி கைப்பையை ஓரமாக வைத்துவிட்டு, தரையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.