சமையல்கட்டுக்கு ஒரு ஸ்பீக்கர்

கூரைக்குக் காங்கிரீட் போட நான்கு நாட்கள் இருக்கும்போது என் கணவர் ரசாக்கின் கேசட் வந்தது.

அவர் அரபு நாட்டில், தம்மாமில் ஒரு பெரிய வீட்டில் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். போய் ஐந்து வருடம். நடுவில் ஒருமுறை நாற்பது நாள் வந்துவிட்டுப் போனதோடு சரி. கடிதம் எழுத உட்கார்ந்தால் அவருக்கு நாலு வரிக்கு மேல் ஓடாது. பேசித்தான் அனுப்புவார். கேசட்டின் முதல் பக்கம் எல்லோருக்கும். மறுபக்கம் எனக்கு.

முதன்முதலாக வந்த கேசட்டில், "அம்மா, அந்தப் பக்கம் சஃபியாவுக்கு" என்று சொல்லியிருந்தார். அன்றிலிருந்து மாமி அதை ஒரு கடமையாக வைத்துக்கொண்டார். முதல் பக்கம் முடிந்ததும் டேப்பின் பட்டன் டக்கென்று எழும்பும். மாமி மூடியைத் திறந்து கேசட்டை எடுத்து, திருப்பாமலேயே என் கையில் தருவார். "இந்தா கண்ணு." அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்கமாட்டார். மதியம் எல்லோரும் படுத்த பிறகு நான் சத்தத்தைக் குறைத்து, டேப்பைக் காதோடு ஒட்டி வைத்துக் கேட்பேன்.

மறுபக்கத்தில் பெரிதாக ஒன்றும் இருக்காது. மணல் காற்று அடித்தது, முதலாளியின் பிள்ளைகள் வண்டிக்குள் சண்டை போட்டது, குழம்பில் புளி அதிகமானது. சில சமயம் பேச்சு நின்று மூச்சு மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். அதையும் நான் திரும்பத் திரும்பக் கேட்பேன். கணபதியில் வாங்கிய மனையில் வீடு முடிந்ததும் ஒரேயடியாக வந்துவிடுகிறேன் என்று மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு மறுபக்கத்தில் சொன்னார். பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஒவ்வொரு கேசட்டிலும் நான் தேடியது அதைத்தான்.

நாங்கள் பதில் அனுப்பும்போது எல்லோரும் டேப்பைச் சுற்றி உட்காருவோம். மாமி, "வந்துரு தங்கம்" என்று அழுவார். மகள் ஃபர்சானா பள்ளியில் சொல்லிக்கொடுத்ததையெல்லாம் ஒப்பித்துவிட்டு, "வாங்க அத்தா" என்று அப்பாவைக் கூப்பிடுவாள். கடைசியில் என் முறை. எல்லோரும் என் வாயைப் பார்ப்பார்கள். "இங்க எல்லாரும் சௌக்கியமுங்க. நீங்க உடம்பப் பாத்துக்கங்க." அவ்வளவுதான். அவர் அறையில் எட்டுப் பேர், ஒரே டேப், யார் வீட்டுக் கேசட் வந்தாலும் எல்லோரும் சேர்ந்து கேட்பார்கள். அந்த எட்டுப் பேரைக் காரணமாக வைத்துக்கொண்டு, வாங்க என்ற சொல்லை விழுங்கிவிடுவேன். உண்மைக் காரணம் வேறு என்று எனக்குத் தெரியும். நான் கூப்பிட்டு அவர் வந்துவிட்டால், பாதியில் நிற்கும் சுவருக்கு நான் பதில் சொல்ல வேண்டும். நான் கூப்பிட்டும் அவர் வராவிட்டால், யாருக்கும் சொல்ல முடியாத ஒன்றை வைத்துக்கொண்டு வாழ வேண்டும். இரண்டாவது பயம்தான் பெரியது.

இந்த முறை முதல் பக்கத்தில் அவர் வேறு ஒரு விஷயம் பேசினார்.

"முதலாளி ஊட்டுல சத்தம் கூரையில இருந்து வருதும்மா. மேஜையில ஒண்ணுமில்ல, சுவத்துல ஒண்ணுமில்ல. காலையில ஓதற சத்தம் ஊடு பூரா எறங்குது. நம்ம ஊட்டுலயும் அப்படி வெக்கோணும். ஹால்ல நாலு மூலைக்கு நாலு. காங்கிரீட் போடறதுக்கு முன்னாலயே மேஸ்திரிகிட்டச் சொல்லிப்போடுங்க."

மேஸ்திரி காளிச்சாமியிடம் சொன்னதும் அவர் தலைத்துண்டை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

"ஏனுங்க அம்மணி, மழை உள்ள வராம இருக்கறதுக்குத்தான் கூரை போடறது. நீங்க அதுலயே நாலு ஓட்டை கேக்கறீங்க."

"ஓட்டை இல்லீங்க மேஸ்திரி, பள்ளம்" என்றார் ஒயரிங் வேலைக்கு வந்த பிரான்சிஸ். "பலகைப் பொட்டியச் செஞ்சு, தகரத்து மேல கவுத்து வெச்சு, ஒயர் போறதுக்குப் பைப்பச் சொருகிரலாம். மேல நீங்க பாட்டுக்குக் காங்கிரீட்டப் போடுங்க. பின்னால பொட்டியப் பிரிச்சா, ஸ்பீக்கர் உக்கார எடம் இருக்கும்." பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஜவுளிக்கடைக்குத்தான் இது பண்ணியிருக்கேனுங்க அக்கா. குழந்தையக் காணோம், வெள்ள வண்டிய நகத்துங்கன்னு சொல்றதுக்கு. ஊட்டுல என்னத்தச் சொல்லப் போறீங்க?"

பெட்டி செய்ய அளவு வேண்டும், அளவுக்கு ஸ்பீக்கர் வேண்டும். மறுநாளே நானும் மாமியும் பிரான்சிஸோடு காந்திபுரத்தில் நரசிம்மலுவின் கடைக்குப் போனோம். அவர் எட்டு அங்குலத்தில் ஒன்றையும் ஆறு அங்குலத்தில் இரண்டையும் எடுத்து வைத்து, "பாட்டுக்குங்களா, பேச்சுக்குங்களா?" என்று கேட்டார்.

"பேச்சுக்கு" என்றேன்.

அவர் ஒரு நொடி என்னை ஏறிட்டுப் பார்த்தார். வீட்டுக்கு வாங்க வந்தவர்கள் யாரும் அப்படிச் சொன்னதில்லை போலிருக்கிறது. "பேச்சுக்குன்னா பெரிசு வேண்டாமுங்க. பெரிசுல சத்தம் வரும், வார்த்த வராது."

நான் பையிலிருந்து ரசாக்கின் பழைய கேசட் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். முதல் பக்கம்தான். ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் மாற்றி மாற்றிப் போட்டார்கள். கடைக்கு வந்திருந்தவர்களெல்லாம் என் கணவர் அவருடைய அம்மாவின் முழங்கால் வலியை விசாரிப்பதைக் கேட்டார்கள். மாமி, "இப்பப் பரவால்லடா" என்று ஸ்பீக்கருக்குப் பதில் சொல்லிவிட்டு வெட்கப்பட்டார். வாக்கியத்தைத் தொடங்கும் முன் ரசாக் லேசாகத் தொண்டையைக் கனைப்பார். எட்டு அங்குலத்தில் அது முழங்கியது. முதல் ஆறு அங்குலத்தில் கேட்கவே இல்லை. மூன்றாவதில் பக்கத்தில் நிற்பவர் கனைப்பது போலவே இருந்தது. அதில் நான்கு வாங்கினோம்.

காங்கிரீட் நாளன்று கலவை மிஷின் ஓடத் தொடங்கும் முன் நான் ஏணியில் ஏறி மேலே போனேன். தகரம் பரப்பி, கம்பி கட்டி, கீழே இருக்கப்போகும் ஹாலின் நான்கு மூலைகளிலும் நான்கு பெட்டிகள் கவிழ்ந்திருந்தன. கம்பிகளுக்கு நடுவில் கால் வைத்து நடந்து, சமையல்கட்டுக்கு மேலே வரும் இடத்தில் நின்றேன். ஹாலில் நான் எப்போது உட்காருவேன் என்று யோசித்தேன். யாராவது வந்தால் தண்ணீர் கொடுக்கப் போவேன். கூட்டிப் பெருக்கப் போவேன். என் நாள் முழுவதும் இந்தப் பத்தடிக்குப் பத்தடியில்தான் கழியும். அவர் குரல் ஹாலின் நான்கு மூலைகளிலும் பேசும், நான் வழக்கம்போலக் கதவோரத்தில் நின்று கேட்பேன்.

"பிரான்சிஸ், அதுல ஒண்ண இங்க மாத்திருங்க."

"அண்ணன் ஹால்ல நாலுன்னு சொன்னாருங்களே?"

"ஹாலுக்கு மூணு போதும்."

கீழேயிருந்து காளிச்சாமி கத்தினார். "எதுன்னாலும் இப்பவே சொல்லிப்போடுங்க அம்மணி. கலவ எறங்கிருச்சுன்னா ஆண்டவனே வந்து கேட்டாலும் மாத்த முடியாது."

பிரான்சிஸ் பெட்டியைப் பெயர்த்துக்கொண்டு வந்து என் காலடியில் கவிழ்த்தார். பைப்பை வளைத்துக் கட்டிக்கொண்டே, "இதுக்குத் தனியா ஒரு சுவிட்ச் வெச்சரட்டுங்களா? வேண்டாதப்ப அணைச்சுக்கலாம்" என்றார்.

வேண்டாதபோது என்று ஒன்று எப்படி வரும் என்று நினைத்தேன். "வேண்டாங்க" என்றேன்.

ஐந்து மாதம் கழித்து வீட்டில் பால் காய்ச்சினோம். அதற்கு மூன்று நாள் முன்னால் ரசாக்கின் அறையில் இருக்கும் யூனுஸ் விடுமுறையில் வந்து, அவர் கொடுத்துவிட்ட புது டேப் டெக்கையும் ஒரு கேசட்டையும் தந்தான். கேசட் உறையில், "குடிபோகற அன்னிக்குப் போடவும்" என்று எழுதியிருந்தது. யூனுஸே டெக்கை ஹால் அலமாரியில் வைத்து ஒயர்களைப் பூட்டினான்.

"இனித் திருப்பிப் போடற வேலையே இல்லீங்க மாமி. ஒரு பக்கம் முடிஞ்சா அதுவே மறுபக்கம் போயிரும்."

"நல்ல வசதி" என்றார் மாமி. நானும் தலையாட்டினேன். ஐந்து வருடமாகத் திருப்பாத கேசட்டை எடுத்துக் கொடுத்தவர் அவர், வாங்கிக்கொண்டவள் நான். இரண்டு பேருக்கும் அந்த நேரத்தில் உறைக்கவில்லை. ஊர்ச்சொந்தம் முழுக்க வரப்போகிறது, பிரியாணிக்கு அரிசி போதுமா என்பதிலேயே எங்கள் மனம் இருந்தது.

ஓதி முடித்து, ஹாலில் ஆண்கள் சாப்பிட உட்கார்ந்தார்கள். யூனுஸ் கேசட்டைப் போட்டுவிட்டு, பந்தலில் அண்டாவைப் பார்க்கப் போனான். பெண்கள் சமையல்கட்டில் இருந்தோம். மேலேயிருந்து ரசாக் கனைத்தார். எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். ஃபர்சானா, "அத்தா மாடிக்கு வந்துட்டாரா?" என்றாள். ஒரே சிரிப்பு. அவர் ஒவ்வொருவரையும் பேர் சொல்லி விசாரித்தார், காளிச்சாமியைக்கூட விட்டுவைக்கவில்லை. நான் தயிர்ப் பச்சடியைக் கிண்டியபடி, சரியாக ஸ்பீக்கருக்குக் கீழே நின்றுகொண்டிருந்தேன். நான் வைத்த இடம். அந்தக் கால்மணி நேரம் என் வாழ்க்கையில் எதுவும் குறைவாக இல்லை.

"எல்லாரும் நல்லாச் சாப்பிடுங்க, வெச்சர்றேன்" என்று முடித்தார். பிறகு வெறும் நாடா ஓடியது. பேச்சும் பாத்திரச் சத்தமும் எழுந்தன. டக்கென்ற சத்தம் வரும் என்று மாமியின் காது காத்திருந்ததோ என்னவோ, அவர் ஹால் பக்கம் ஓரடி நகர்ந்தார். டக் வரவில்லை. மெதுவாக ஏதோ புரண்டது.

"சஃபியா."

பெண்கள் மறுபடி அண்ணாந்து பார்த்தார்கள்.

"வண்டியில உக்காந்து பேசறேன். ரூம்ல ஆளுக. யூனுஸு கெளம்பறான். நானும் ஒரேயடியா ஊருக்கு வந்தர்லாமான்னு முதலாளிகிட்டக் கேட்டுப்போட்டேன். இந்த மாசக் கடைசிக்குள்ள முடிவு சொல்லோணும், இல்லீன்னா இன்னும் ரெண்டு வருஷத்துக்கு ஒப்பந்தத்துல கையெழுத்து."

டெக் ஹாலில் இருந்தது. நடுவே முப்பது ஆண்கள் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். "யாராச்சும் அத நிறுத்துங்கப்பா" என்று ஒரு குரல் கேட்டது. "எந்தப் பட்டன்னு தெரியலியே" என்றது இன்னொரு குரல். யூனுஸ் வெளியே இருந்தான்.

"நீ அனுப்பின கேசட்டெல்லாம் எடுத்து வரிசையாப் போட்டுக் கேட்டேன். அம்மா வான்னு சொல்லுது. பாப்பா வாங்கன்னு சொல்லுது. நீ ஒருக்காக்கூடச் சொன்னதில்ல. கோவத்துல கேக்கலை, சஃபியா. நான் இல்லாமயே ஊடு எந்திரிச்சிருச்சு. நீயே எல்லாம் பாத்துக்கற. இனி நான் வந்து எங்க உக்கார்றதுன்னு ஒரு யோசனை. நீ ஒரு வார்த்த சொன்னீன்னா..."

அதற்குமேல் பேச்சு இல்லை. அவர் மூச்சு மட்டும் நான்கு கூரைப் பள்ளங்களிலிருந்தும் இறங்கிக்கொண்டிருந்தது. பிறகு யூனுஸ் ஓடிவந்து நிறுத்தினான்.

மாமியின் தங்கை சல்மாதான் முதலில் வாயைத் திறந்தார். "ஏண்டி, நம்ம தெருவுல கீரை விக்கறவளைக்கூட வா ஆயான்னு கூப்படறோம். கட்டின புருசன ஒரு வாங்க சொல்றதுக்கு உனக்கு அஞ்சு வருசமா?"

பெண்கள் சிரித்தார்கள். வன்மம் இல்லாத சிரிப்புதான். நான் தயிர்க் கரண்டியைப் பிடித்தபடி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். மாமி சிரிக்கவில்லை. மகனுடைய அறைக்குள் தெரியாமல் நுழைந்துவிட்டவர் போல முக்காட்டை நெற்றி வரை இழுத்துவிட்டு, பிரியாணிச் சட்டியை மூடினார்.

மூன்று மணிக்குள் எல்லோரும் போய்விட்டார்கள். நான் கழுவிவிட்ட தரை இன்னும் ஈரமாக இருந்தது. வியாழக்கிழமை தம்மாமுக்குப் போகும் ஆள் ஒருவர் இருக்கிறார் என்று யூனுஸ் போகும்போது சொல்லியிருந்தான். மாமி பீரோவிலிருந்து ஒரு புதுக் கேசட்டை எடுத்து வந்தார். மேலே இருந்த கண்ணாடித்தாளை அவரே கிழித்தார்.

"இந்தா கண்ணு" என்றார்.

பிறகு ஃபர்சானாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "வா, மாடிக்குப் போயி மலை தெரியுதான்னு பாக்கலாம்." படியேறும் முன் ஹால் கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

டெக்கோடு வந்த சின்ன மைக்கைக் கையில் எடுத்துப் பட்டனை அழுத்தினேன். "இங்க எல்லாரும் சௌக்கியமுங்க" என்று என் வாய் தானாகத் தொடங்கியது. நிறுத்தினேன். நாடாவைப் பின்னால் ஓட்டி, மறுபடி முதலிலிருந்து வைத்தேன். இரண்டாம் முறையும் அதே வாக்கியம்தான் வந்தது. அந்த வாக்கியத்துக்குப் பின்னால் ஐந்து வருடம் நான் ஒளிந்திருந்திருக்கிறேன். அவர் அங்கே அதை வரிசையாகப் போட்டுக் கேட்டு, தனக்கு இங்கே இடமில்லை என்று புரிந்துகொண்டிருக்கிறார். நான் அவருக்காகக் கூரையில் பள்ளம் விட்டவள். அது அவருக்கு எப்படித் தெரியும்?

அந்த எட்டுப் பேரையும் நினைத்துப் பார்த்தேன். கட்டிலிலும் தரையிலுமாக உட்கார்ந்து டேப்பைச் சுற்றியிருப்பார்கள். கேட்கட்டும். என் ஊரே அவரைக் கேட்டுவிட்டது.

மூன்றாம் முறை பட்டனை அழுத்தினேன்.

"ஏனுங்க" என்றேன். அவரை நேரில் கூப்பிடுவது போலவே வந்தது. "ஹால்ல மூணுதான் வெச்சேன். ஒண்ண சமையக்கட்டுல வெச்சுப்போட்டேன், உங்ககிட்டக் கேக்காம. உங்க பேச்சு என் தலைக்கு மேல இருக்கோணும்னு. ஆனா பேச்சு போதலீங்க." மைக்கை வாய்க்கு இன்னும் பக்கத்தில் கொண்டுவந்தேன். "வாங்க. கையெழுத்துப் போடாம வாங்க."

சொன்ன பிறகு சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் உடனே நிறுத்த மனம் வரவில்லை. மைக்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

பதிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நாடாவை ஓட்டிப் போட்டுவிட்டு, ஈரத்தரையில் நடந்து சமையல்கட்டுக்குப் போய் என் ஸ்பீக்கருக்குக் கீழே நின்றேன். மேலேயிருந்து ஒரு பெண் "வாங்க" என்றாள். நான் நினைத்ததைவிட வயதான குரல், நான் நினைத்ததைவிடத் தெளிவாக இருந்தது. அதற்குப் பிறகு மூச்சு மட்டும் ஓடியது. அவர் அதையும் திரும்பத் திரும்பக் கேட்பார்.