யாரும் கேட்காத ஒன்ஸ்மோர்

மிக்கேலுக்கு சினிமா மிஷின் ஓட்டத் தெரியும். ஒருவர் முகத்தைப் பார்த்துக் கசப்பான உண்மையைச் சொல்ல மட்டும் தெரியாது. அரியலூர் டூரிங் கொட்டகையில் ஆபரேட்டராக இருந்ததில் வெகு காலம் அந்தக் குறையால் பெரிய நஷ்டம் ஒன்றும் வரவில்லை. மிஷின் யாரிடமும் கருத்துக் கேட்பதில்லை அல்லவா?

கொட்டகையில் இருந்தது ஒரே மிஷின். ரீல் முடிந்தால் விளக்கைப் போட்டுவிட்டு அடுத்ததை மாட்டுவான். அதற்குள் ஜனங்கள் முறுக்கு தின்பார்கள். பாட்டு பிடித்துப்போனால் 'ஒன்ஸ்மோர்!' என்று கூரை பிய்ந்துபோகிற மாதிரி கத்துவார்கள். அப்போது மிஷினை நிறுத்தி, பிலிமைக் கையால் பின்னால் சுற்றி, பாட்டை முதலிலிருந்து போட்டே ஆக வேண்டும். போடாவிட்டால் தரையில் இருக்கும் மணலெல்லாம் திரைக்குப் பறக்கும். ஜனம் கேட்காமல் அந்த வேலையை இழுத்துப் போட்டுக்கொள்ள எந்த ஆபரேட்டருக்கும் பைத்தியம் பிடித்திருக்கவில்லை.

மணிக்குரல் ஆதிமூலம் நடித்த படமென்றால் ஒரு காலத்தில் குன்னத்திலிருந்தும் ஜெயங்கொண்டத்திலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். வரதராசன்பேட்டைப் பெண்கள் அவர் மெட்டில் மாதாவுக்குப் பாட்டுக் கட்டிப் பாடி, பங்குச் சாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். மிக்கேலின் மனைவி இன்னாசிமேரியும் அவர்களில் ஒருத்தி. ஒரு நாள் இந்தக் கொட்டகையில் ஒன்ஸ்மோர் கேட்டுக் கேட்டு, கரண்டு தரும் என்ஜினில் எண்ணெய் தீர்ந்து, படம் பாதியில் நின்றுபோனது. அதற்காக ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

வெள்ளைக்காரன் மூட்டை கட்டிய மறு வருஷம், அதே ஆதிமூலம் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அரியலூர் ஸ்டேஷனில் இறங்கினார். அடையாளம் தெரிந்துவிடும் என்ற பயம். குதிரை வண்டிக்காரன் அவரோடு வாடகைக்கு மல்லுக்கட்டியதைப் பார்த்தால், துண்டு தேவையே இல்லை என்று தோன்றும்.

கொட்டகையில் அவருடைய புதுப் படம்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஓடியது என்பது மரியாதைக்குச் சொல்வது. முதலாளி காசிநாதன் அவரை வரவேற்று, மிஷின் அறையில் உட்காரவைத்துவிட்டு, டிக்கெட் பக்கம் நழுவினார். ஆதிமூலம் மிக்கேலைப் பார்த்துச் சிரித்தார்.

"தம்பி, அன்னிக்கி எண்ணெ தீந்தப்ப மிஷின்ல இருந்தது நீங்கதானே?"

"நாந்தாங்கய்யா."

"இப்ப எந்தக் கம்பெனியும் என்னயக் கூப்புடல. சொந்தமா ஒரு படம் எடுக்கலாம்னு இருக்கேன். மிச்சம் இருக்கிறது என் சம்சாரத்தோட நஞ்சை ஒண்ணுதான். அத வித்துத்தான் எடுக்கணும். வேணாம்னு அழுவுறா."

"அதுக்கு இங்க எதுக்குங்கய்யா வந்தீங்க?"

"அப்படிக் கேட்ட ஊராச்சே! இன்னிக்கி இந்த ஊரு ஒன்ஸ்மோர் கேட்டா வித்துடுறேன். கேக்கலன்னா வெள்ளாமையப் பாத்துக்கிட்டு வூட்டோட கெடக்கேன்."

கொட்டகைக்குள் ஜனங்களோடு உட்காரும்படி மிக்கேல் சொன்னதற்கு அவர் ஒப்பவில்லை. "என்னயப் பாத்துட்டுக் கத்துனா, அது பாட்டுக்காகக் கத்துனது ஆவாது" என்றார். ஆள் நடமாட்டமில்லாத இடம் கொட்டகைக்குப் பின்னால் இருந்த என்ஜின் ஷெட் மட்டுமே. அங்கே போய் உட்கார்ந்தார். என்ஜின் போடும் சத்தத்தில் பேச்சு கேட்காது. குழாய் ஒலிபெருக்கியில் வரும் பாட்டும் ஜனங்களின் இரைச்சலும்தான் கேட்கும்.

பாட்டு வந்தது. குரல் பழைய குரல்தான், துளி குறையவில்லை. அதுதான் மிக்கேலுக்குத் தாங்கவில்லை. ஆண்கள் பக்கத்தில் பாதிப்பேர் பீடி குடிக்க எழுந்தார்கள். பெண்கள் பக்கத்தில் பிள்ளைகளை ஒண்ணுக்கு அழைத்துப் போனார்கள். "ஏய், பாட்டத் தள்ளிட்டு கத்திச் சண்டையப் போடுய்யா!" என்று ஒருவன் கத்த, நாலு பேர் விசிலடித்தார்கள்.

பாட்டு முடிந்தது. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. ஷெட்டில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மனிதரை மிக்கேல் நினைத்தான். கை தானாகவே மிஷினை நிறுத்தியது. பிலிமைச் சுற்றி, மறுபடியும் அதே பாட்டைப் போட்டான்.

கொட்டகை கொந்தளித்தது. கூச்சலும் விசிலும் வானத்தைப் பிளந்தன, மணல் பறந்தது. காசிநாதன் ஓடிவந்து, "ஒனக்குப் புத்தி கெட்டுப்போச்சாடா?" என்று கத்தினார். மிக்கேல் பாட்டு முடியும்வரை மிஷினைத் தொடவில்லை.

படம் விட்டதும் ஆதிமூலம் வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "பாட்டு ரெண்டாந்தடவ வந்துச்சு, விசிலக் கேட்டேன் தம்பி! அது போதும்" என்றார். சொல்ல அதுதான் சமயம். மிக்கேல் வாயைத் திறந்தான். "போயிட்டு வாங்கய்யா" என்பதுதான் வந்தது.

வீட்டில் இன்னாசிமேரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சோற்றை வைத்த கையோடு சொன்னாள்: "அவரு மனசு நோவுமேன்னு பாத்தீங்க. வூட்டுல ஒருத்தி அழுவுறான்னு அவரே சொன்னாரே, அவள நெனச்சீங்களா?"

அதற்குப் பிறகு ஒரு கடிதம் போட்டுவிடலாம் என்று அவன் பலமுறை நினைத்தான். நினைத்துக்கொண்டே இருந்தான்.

அடுத்த வருஷம் படம் வந்தது. படப்பெட்டியோடு கம்பெனி ஆள் ஒருவர் வருவது வழக்கம். இந்தப் பெட்டியோடு ஆதிமூலமே வந்தார். ஆள் வைக்க வழியில்லை. இம்முறை தலையில் துண்டு இல்லை. மிஷின் அறையில் மிக்கேலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். "முதல்ல வர்ற எழுத்தப் பாருங்க தம்பி" என்றார் சின்னப்பிள்ளை மாதிரி.

திரையில் எழுத்து விழுந்தது: 'ஒன்ஸ்மோர் கேட்ட அரியலூர் மக்களுக்கு இந்தப் படம் காணிக்கை.'

தரையில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஆள் இருந்தது. எழுத்துக் கூட்டத் தெரிந்த ஒருவன் அதை உரக்கப் படித்தான். பிறகு ஒரு குரல், "நாம எப்படா கேட்டோம்?" என்றது. "ஆபரேட்டருதான் போன வருசம் போட்டதையே போட்டு உசுர எடுத்தான்!" என்றான் இன்னொருவன். கொட்டகை முழுவதும் சிரித்தது.

மிக்கேல் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. பாட்டு வந்தது, முன்வரிசையில் இருந்தவர்கள் பீடியைத் தேடிக்கொண்டு எழுந்து போனார்கள். பாட்டு முடிந்தபோது ஆதிமூலம் மெதுவாகக் கேட்டார்:

"இன்னிக்கும் திருப்பிப் போடப் போறீங்களா தம்பி?"

அவர் குரலில் கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் மிக்கேல் அவர் காலில் விழுந்திருப்பான். ரீல் தீர்ந்து, திரையில் வெறும் வெள்ளை வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தது. "படத்தப் போடுய்யா!" என்று யாரோ கத்தினார்கள். மிக்கேல் விளக்கைப் போட்டுவிட்டு, அடுத்த ரீலை எடுத்து மாட்டினான்.