மிளகாய் அள்ளிய கை

கோட்டய்யாவின் தலையில் நாஞ்சாரம்மா கைவைத்தது பன்னிரண்டு வருடம் கழித்துத்தான் அவனுக்கு உறைத்தது. அதற்குள் அவள் இறந்து ஒரு மழைக்காலம் போயிருந்தது. எங்கள் குண்டூர்ப் பக்கத்தில் முகூர்த்த நேரத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் சீரகமும் வெல்லமும் அரைத்த விழுதை ஒருவர் தலையில் ஒருவர் வைத்து அழுத்துவார்கள். அந்த விழுதின் குளிர்ச்சியும் அதன்மேல் அவளுடைய ஐந்து விரல்களும், மாக மாதத்தில் ஒரு காலை, அவன் மிளகாய் மூட்டை தைத்துக்கொண்டிருந்தபோது உச்சந்தலையில் வந்து இறங்கின.

கல்யாணத்தன்றிலிருந்து அவன் உடம்புக்குத் தொடுதல், வலி, சூடு, குளிர் எதுவுமே தெரியவில்லை. டாக்டர் ஊசியால் குத்திப் பார்த்துவிட்டு, நரம்பெல்லாம் நன்றாயிருக்கிறது, சேதிதான் வழியில் எங்கோ நிற்கிறது என்றார். எங்கள் ஊர் பஸ்ஸைப் பார்த்தவர்களுக்கு இது பெரிய அதிசயமாகப் படவில்லை. கோட்டய்யாவோ அதைப் பவிசாக்கிக்கொண்டான். களத்தில் மற்றவர்கள் கைக்கு ஆமணக்கெண்ணெய் பூசிக்கொண்டு மிளகாயைத் தொட, அவன் வெறுங்கையை முழங்கை வரை விட்டு அள்ளினான். எருமைத்தோல் என்று பெண்கள் கேலி செய்தால் இன்னும் இரண்டு கூடை கூட அள்ளுவான். சாயங்காலம் நாஞ்சாரம்மா எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து உட்கார்ந்து அந்தக் கையை இழுத்துத் தேய்ப்பாள். எருமைக்கு எதற்கடி எண்ணெய் என்பான். அவள் பாட்டுக்குத் தேய்ப்பாள்.

அந்தப் பவிசையெல்லாம் பிறகு வட்டியும் முதலுமாக அனுபவித்தான். அவள் தொட்டதெல்லாம் நடந்த வரிசையிலேயே வந்தது. முதுகில் சாய்ந்தது வந்தது, தலை துவட்டிவிட்டது வந்தது. அவன் நடுத்தெருவில் கண்ணை மூடி நின்றால், நாஞ்சாரம்மா வந்திருக்கிறாள் என்று ஊரார் விலகிப் போனார்கள். கைக்கு மட்டும் அந்தக் கொடுப்பினை இல்லை. அந்தந்த நாள் பகல் முழுக்க அள்ளிய மிளகாயின் எரிச்சலும் கூடவே வந்து கையில் தீயாய் நிற்க, அதற்கடியில் எண்ணெய் தேய்த்த விரல்கள் வந்து போனது அவனுக்குப் பிடிபடவே இல்லை. வருடக்கணக்காக அவற்றைத் தவறவிட்டு அழுதான். பாவி, கொஞ்சம் எண்ணெய் பூசிக்கொண்டிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

ஒரே ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது. அவள் இறந்த வருடம் பருவம் தப்பி மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த மிளகாயை ஒரு வாரமாக யாரும் தொடவில்லை. அவன் கையில் எரிச்சல் ஏற வழியில்லை. காய்ச்சலில் படுத்திருந்தவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாவா, கொஞ்ச நேரம் இப்படியே இரேன்."

"எனக்கு என்ன தெரியப்போவுது? விடு, தார்ப்பாய் பறக்குது" என்று எழுந்து போனான். அவன் திரும்பி வருவதற்குள் அவள் போய்விட்டாள்.

அந்த நாளின் முறை வந்தபோது கோட்டய்யாவுக்குத் தலை நரைத்திருந்தது. காலையிலிருந்தே கட்டிலில் உட்கார்ந்து கையை மடியில் மலர்த்தி வைத்திருந்தான். சோறு கொண்டுவந்த பக்கத்து வீட்டு அங்கம்மா வாசற்படியிலேயே நின்றாள். வந்தது. காய்ச்சல் சூட்டோடு காய்ந்த உள்ளங்கை, காம்பு கிள்ளிக் கிள்ளிக் காய்த்துப்போன கட்டைவிரல், எல்லாம் தெளிவாக வந்தது. அவன் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டான். அன்று எவ்வளவு நேரம் கொடுத்தானோ அவ்வளவு நேரம் இருந்தது. பிறகு நழுவியது. நழுவும்போது அந்த விரல்கள் இறுக்கிப் பிடித்தன. அவள் விட மனமில்லாமல் பிடித்திருந்தாள் என்பது அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"என்ன தம்பி, வந்தாளா?" என்றாள் அங்கம்மா.

"வந்தா அக்கா. நான்தான் கையை இழுத்துக்கிட்டேன்."

அங்கம்மா சோற்றை மூடிவைத்துவிட்டுப் போனாள். அவன் கையை மலர்த்தியபடியே வைத்திருந்தான். அடுத்து, தார்ப்பாய்க் கயிற்றின் ஈரம் வந்தது.