சங்கமித்ராவுக்குப் பெயர் வைத்த நாள்

பொம்மனஹள்ளியில் ரகுராம், சௌம்யா தம்பதியின் குழந்தை தவழத் தொடங்கிய பிறகும் அதற்குப் பெயர் வைத்திருக்கவில்லை. சௌம்யாவின் உடம்பு தேறட்டும் என்று ரகுராம்தான் விழாவைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தான்.

பிரசவம் முடிந்து வீடு திரும்பிய சில நாளிலேயே சௌம்யாவுக்குத் தூக்கம் போய்விட்டது. குழந்தை அயர்ந்து தூங்கும்போதும் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். சோறு இறங்கவில்லை. ஆபீஸில் வாய் ஓயாமல் பேசுகிறவள், வீட்டில் கேட்டதற்குக்கூடப் பதில் சொல்லவில்லை. ஒரு காலையில் ரகுராமின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"இது நம்ம குழந்தை இல்லைங்க. ஆஸ்பத்திரியில மாத்திட்டாங்க. காதுல யாரோ சொல்லிக்கிட்டே இருக்காங்க."

ரகுராமின் அக்கா மரகதம் சேதி கேட்டு சந்தாபுராவிலிருந்து ஓடி வந்தாள்.

"கண்ணு பட்டிருக்குடா. அத்திபெலேல தாயத்து கட்டுறவர் ஒருத்தர் இருக்காரு."

"கட்டிக்கலாம்க்கா. முதல்ல டாக்டர்கிட்ட போயிட்டு வந்துடலாம்" என்று அன்றைக்கே கிளம்பிவிட்டான்.

மனநல டாக்டர் ஸ்ரீலக்ஷ்மி சௌம்யாவின் முகத்தைப் பார்த்தே பேசினார். "நீங்க மோசமான அம்மா இல்லம்மா. பிரசவத்துக்கு அப்புறம் சில பேருக்கு இப்படி வரும். உடம்புல ஹார்மோன் சட்டுனு இறங்குது, தூக்கமும் கெட்டுப்போகுது. உங்க குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி இருந்திருக்கா?"

"எங்க சித்திக்கு இருந்துச்சு" என்றாள் சௌம்யா மெதுவாக. "பேய் பிடிச்சிருக்குன்னு சொன்னாங்க."

"அவங்களுக்கும் இதே நோயா இருந்திருக்கலாம். இதுக்கு மருந்து இருக்கு. சரியாயிடும்."

ஆஸ்பத்திரியில் தாயையும் பிள்ளையையும் ஒரே அறையில் சேர்த்துக்கொண்டார்கள். பக்கத்தில் எப்போதும் ஒரு நர்ஸ் இருந்தாள். மாத்திரைகள் ஆரம்பித்ததும் முதலில் தூக்கம் வந்தது. பிறகு காதில் கேட்ட குரல் தேய்ந்து அடங்கியது. மனதில் அழுத்திக்கொண்டிருந்த பயத்தையெல்லாம் டாக்டரிடம் சௌம்யா கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லத் தொடங்கினாள்.

அங்கே ஒருநாள் குழந்தையைக் குளிப்பாட்டும்போது, அது காலை உதைத்து அவள் முகமெல்லாம் தண்ணீரை வாரி அடித்துவிட்டுப் பொக்கை வாயால் சிரித்தது. சௌம்யா அதையே உற்றுப் பார்த்தாள். அப்புறம் வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்.

"என்னங்க, ஓடி வாங்க! இவ மூக்கைப் பாருங்க, அப்படியே என் மூக்கு!"

மாத்திரை தொடர்ந்தது. வீடு திரும்பி, பழைய கலகலப்பு வந்து, டாக்டரும் தலையாட்டிய பிறகுதான் மொட்டை மாடியில் பந்தல் போட்டார்கள்.

"யாராச்சும் கேட்டா மஞ்சள் காமாலைன்னு சொல்லிடு சௌமி" என்று மரகதம் காதோடு சொல்லிவைத்திருந்தாள்.

"ஏன் இவ்ளோ லேட்டு?" என்று கீழ்வீட்டு வைஷ்ணவி கேட்டே விட்டாள்.

சௌம்யா குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "எனக்கு மனசு சரியில்லாம போயிடுச்சுங்க. ஆஸ்பத்திரியில இருந்தேன். இன்னும் மாத்திரை சாப்பிடறேன். இப்ப நல்லா இருக்கேன்."

மரகதத்துக்கு முகம் வெளுத்தது.

வைஷ்ணவி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அருகில் வந்தாள். "எந்த டாக்டர்? என் தங்கச்சியும் குழந்தை பிறந்ததுலேர்ந்து அழுதுக்கிட்டே இருக்கா. யார்கிட்ட கேக்குறதுன்னே தெரியல."

"நம்பர் என்கிட்ட இருக்கு!" என்று முந்திக்கொண்டு போனை எடுத்தது மரகதம்தான். "தங்கமான டாக்டரம்மா. நாளைக்கே கூட்டிட்டுப் போ. தனியாப் போக பயமா இருந்தா நானும் வரேன்."

சௌம்யாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. குழந்தையின் காதருகே குனிந்து, தானே தேர்ந்தெடுத்த பெயரைச் சொன்னாள். "சங்கமித்ரா." அது அவள் கம்மலைப் பிடித்து இழுத்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

பக்கத்தில் நின்ற ரகுராம் கண்ணைத் துடைத்தான்.

"அழறீங்களா?"

"இல்லடி, ஹோமப் புகை."

"ஹோமமே வளர்க்கலையேங்க!" என்றாள் சௌம்யா. அவள் சிரித்த சிரிப்பில் பந்தலே சேர்ந்து சிரித்தது.