மேண்டில் சாம்பல்

விருதுநகர்க் கல்லூரி ஆய்வக உதவியாள் சங்கிலிமுத்துவுக்குப் பேய்ப்பயம் கிடையாது. பேய் இருப்பதாகச் சொல்லும் அறைக்கு அடுத்தவரை முதலில் அனுப்புவான், அம்புட்டுத்தான்.

1964. விரிவுரையாளர் ரத்தினசாமி இரண்டு வருஷம் மல்லுக்கட்டி, சிலிக்கான் வில்லையில் பொன் பூசி, கண்ணுக்குத் தெரியாத துகள்களை எண்ணும் கருவி செய்திருந்தார். துகள் பட்டால் ஒலிபெருக்கியில் 'சட்' என்று கேட்கும். வெளிச்சம் பட்டால் ஓயாமல் கத்தும். அதனால் வில்லையை இருட்டில் அடைக்க, சங்கிலிமுத்து வீட்டிலிருந்து தகர டப்பா ஒன்று கொண்டுவந்தான். அவன் மனைவி சோலையம்மாளின் திருநீறு டப்பா. போன வருஷம் ஏழாயிரம்பண்ணையில் வெடிக் கொட்டகை எரிந்ததில் அவள் போய்விட்டாள்.

ஒயருக்குத் துளை போட்டு, வில்லையை உள்ளே வைத்து மூடினார்கள். துகள் வீசும் பொருள் எதையும் வைக்கவில்லை.

சட். சட்சட்.

"சார், உள்ள யாரோ இருக்காக."

"யாருய்யா?"

"எம் பொண்டாட்டி."

ரத்தினசாமி சிரிக்கவில்லை. கருவியை நிறுத்தி, வில்லையை வெளியே எடுத்து, ஊசியால் டப்பாவின் உள்மூலையைச் சுரண்டினார். வெள்ளைத் தூள் வந்தது. "திருநீறுக்குக் கருவி இப்படிக் கத்தாதுய்யா. இது என்ன?"

சங்கிலிமுத்து தூளை விரலில் தொட்டுப் பார்த்தான். "எங்க கல்யாண ஊர்வலத்துல பெட்ரோமாக்ஸ் வெளக்குல எரியுற வலை, அந்த மேண்டில் உதிர்ந்துச்சு, சார். அந்தச் சாம்பலை மடிச்சு, இருக்கன்குடி அம்மன் திருநீறுன்னு அவகிட்டக் கொடுத்தேன். சும்மா கேலிக்கு. அவ நம்பிட்டா. தெனம் துளி இட்டுக்கிட்டுத்தான் வேலைக்குப் போவா." குரல் இறங்கியது. "அன்னைக்கும் இட்டுக்கிட்டுத்தான் போனா."

"மேண்டில்ல தோரியம் உண்டு. அதான் துகள் வீசுது. நாம போன பிறகும் வீசிக்கிட்டே இருக்கும்." அவர் வில்லையை மறுபடி உள்ளே வைத்து மூடி, ஒருதரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். "நாளைக்குக் கருவி பம்பாய் போகணும். டப்பாவை நல்லாக் கழுவிரு."

அவர் டீ குடிக்கப் போனதும் சங்கிலிமுத்து டப்பாவிடம் குனிந்தான்.

"சோலை, அது அம்மன் திருநீறு இல்ல. ஒன்னை ஏமாத்திட்டேன்."

சத்தம் நின்றது.

உயிரோடு இருந்தபோதும் கோபம் வந்தால் அவள் இப்படித்தான் வாயடைத்துக்கொள்வாள். அவன் விரல் விட்டு எண்ணுவான். பத்துக்குள் 'போங்க' என்பாள். இப்போதும் எண்ணினான். ஏழு. எட்டு. ஒன்பது.

சட்.

ரத்தினசாமி திரும்பி வந்தபோது மேஜைமேல் டப்பாவுக்குப் பதிலாகக் கழுவித் துடைத்த தூக்குச்சட்டி இருந்தது.

"இது ஒன் சாப்பாட்டுச் சட்டியில்ல? ஓட்டை போட்டா அப்புறம் எதுல சாப்பிடுவ?"

"எலையில சாப்பிட்டுக்கிடுதேன் சார். கல்யாணத்துலயே அப்படித்தானே சாப்பிட்டேன்."

தூக்குச்சட்டிக்குள் கருவி சுத்தமாக வாயை மூடிக்கொண்டது. வேட்டி மடியில் இருந்த டப்பாவும் பேசவில்லை. கருவி இல்லாமல் அது பேசாது என்பது அவனுக்குத் தெரியும். வெளியே வேப்பமரத்தடியில் அதைக் காதோடு வைத்து, மறுபடி ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தான்.